திரும்பி வராட்டியும் பரவாயில்லை என்றவளுக்கு

கண்ணு,

உன்னோடு போனில் பேசி ஒரு விஷயத்தை நான் முடித்த நாள் கிடையாது. நான் ஆரம்பிப்பேன், நடுவில் நீ பிடுங்கிக்கொள்வாய். நான் சொல்ல வந்ததை நீயே சொல்லி, அதற்குப் பதிலையும் நீயே சொல்லி, "அவ்ளோதான நைனா, வெச்சிடட்டா?" என்று வைத்தும் விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே வர முடியாது. உனக்கு மட்டும் எழுதி அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நம் ஊர் வாசகர் வட்டம் மாதாமாதம் போடுகிற எட்டுப் பக்க இதழுக்கு இதைக் கொடுத்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அச்சாகி வந்துவிடும். நீ பேசியதை ஊரே பார்த்தது, நான் பேசுவதையும் ஊரே படிக்கட்டும். இதில் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கு வந்திருப்பதில் பாதியாவது உனக்கு வரவேண்டாமா?

உன் கதையை உனக்கே சொல்கிறேனே என்று அலுத்துக்கொள்ளாதே. படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். நீ விண்வெளிக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு தயாரிக்கிற ஆராய்ச்சியில் இருக்கிறாய். செவ்வாய்க் கிரகத்துக்கு மனுஷர்களை அனுப்பினால் அவர்கள் எதைத் தின்பார்கள், எப்படித் தூங்குவார்கள், எத்தனை மாதத்தில் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிப்பார்கள் என்று பார்ப்பதற்காக, வடக்கே மலைகளுக்கு நடுவில் மரம் மட்டை இல்லாத ஒரு குளிர்ப் பொட்டலில் ஒரு மூடிய வீடு கட்டியிருக்கிறார்கள். ஆறு பேர் உள்ளே போனால் ஒரு வருஷம் வெளியே வரக்கூடாது. அந்த ஆறு பேரில் நீ ஒருத்தி. ஆடிக் கிருத்திகை முடிந்த கையோடு உள்ளே போகிறாய், அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு வெளியே வருவாய். வீட்டிலிருந்து ஒரே ஒரு ஆள்தான் உன்னோடு பேசலாமாம். அந்த ஆளாக என் பெயரைக் கொடுத்திருக்கிறாய், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். திங்கட்கிழமைக்குள் நான் சரி என்று சொல்ல வேண்டும். நான் மாட்டேன் என்றால் உன்னை உள்ளே விடமாட்டார்கள். வீட்டார் மனசு ஒப்பாதவர்களை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை என்று நீயே சொன்னாய். ஆக, உன் ஒரு வருஷம் என் வாயில் இருக்கிறது. உன்னிடம் நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருஷம் மூடிய வீட்டில் இருக்கப்போகிறாய் என்பதற்காக நான் முரண்டு பிடிக்கவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். மலைமேல் முருகன் கோயில் மடைப்பள்ளியில், அடுப்புப் புகைக்கும் சுவருக்கும் நடுவில் நாற்பது வருஷம் நின்றவனுக்கு மூடிய வீடு என்ன பெரிய விஷயம்? நீ முதன்முதலில் சொன்னபோது, நம் வீட்டுப் பெண்ணை ஆறில் ஒருத்தியாக எடுத்திருக்கிறார்கள் என்று மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு வலியப் போய்ச் சொன்னவன் நான். அவர் நகரியிலிருந்து வந்தவர், பாதி தெலுங்கில் பாதி தமிழில் வாழ்த்தினார். எல்லாம் அந்த வீடியோவைப் பார்க்கும் வரைக்கும்தான்.

அன்று உச்சிக்கால நைவேத்தியம் முடிந்து நானும் ஏகாம்பரமும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். ஏகாம்பரத்தை உனக்குத் தெரியும், என் கூட வேலை செய்கிறவன், நான் கிளற அவன் உப்பு போடுகிறவன். "உன் பொண்ணு பேசிகினு கீது பாரு" என்று போனை நீட்டினான். யாரோ ஒரு பெண் உங்கள் ஆறு பேரையும் வரிசையாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். மூடிய வீடு இருக்கட்டும், நிஜமாகவே செவ்வாய்க்குப் போக ஒரு வாய்ப்பு வந்து, திரும்பி வருவதற்கு உறுதி இல்லை என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மற்ற ஐந்து பேரும் இழுத்தார்கள். யோசிக்க வேண்டும் என்றார்கள், வீட்டில் கேட்க வேண்டும் என்றார்கள். நீ மட்டும் சிரித்தாய். இன்னொரு கரண்டி பாயசம் போடட்டுமா என்று கேட்டால் சிரிப்பாயே, அதே சிரிப்பு. "திரும்பி வராட்டியும் பரவால்ல, நான் போவேன்" என்றாய். ஏகாம்பரம் எதற்கும் ஒரு நக்கல் சொல்லாமல் விடமாட்டான். அன்று போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டு, சாயங்காலத்துக்கு அரிசி களைய வேண்டும் என்று எழுந்து போய்விட்டான். அரிசி களைய இன்னும் நேரம் இருந்தது.

பரவாயில்லை என்று யாரைக் கேட்டுச் சொன்னாய்? உனக்குப் பரவாயில்லை, சரி. உன் அம்மாவுக்கு? எனக்கு? நீ வேலைக்கென்று வெளியூர் போன பிறகு உன் அறையில் இருக்கிற அந்த ஓட்டைச் சைக்கிளை என்ன செய்வது, யாருக்குக் கொடுப்பது என்பதைக்கூட இன்னும் முடிவு செய்ய முடியாமல் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள். ஊர் சும்மா இருக்குமா? கே.ஜி.கண்டிகை டீக்கடையில் நின்றால் முன்னே பின்னே தெரியாதவனெல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி என் தோளைத் தட்டுகிறான். உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த தரகர் வந்து, எடுத்து வைத்திருந்த ஜாதகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஜாதகத்துல செவ்வா இருந்தா மலைக்கு வந்து பரிகாரம் பண்ணிடலாங்க. பொண்ணே செவ்வாயில இருந்தா நான் இன்னாங்க பண்றது?" என்றார். உன் அம்மா அம்மையார்குப்பத்துத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அன்று அவள் தரகருக்குச் சொன்ன பதில் ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும்.

இதில் என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது எது தெரியுமா? போக வழியே இன்னும் இல்லாத ஊரிலிருந்து திரும்பி வரமாட்டேன் என்று நீ முன்கூட்டியே சொல்லிவிட்டாய். அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லித்தான் தெரியும். பூமியும் செவ்வாயும் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கின்றன, கிளம்பத் தோதான நேரம் இரண்டு வருஷம் சொச்சத்துக்கு ஒருமுறைதான் வரும், அதை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டில் இரண்டு நெல்லிக்காயை உருட்டிக் காட்டியது நீ. போக ஏழெட்டு மாதம், அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, வர இன்னொரு ஏழெட்டு மாதம், நடுவில் வயிற்றுவலி என்றால்கூடத் திரும்ப முடியாது என்றதும் நீ. வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உடம்பைத் துளைக்கும், எடை இல்லாமல் மிதந்து மிதந்து எலும்பு கரையும், போய்ச் சேர்ந்தால் காற்று மெல்லியதாக இருப்பதால் ஆட்கள் இருக்கிற கனமான கலத்தைப் பதமாக இறக்குவதே பெரும்பாடு, மண்ணிலேயே விஷ உப்பு கலந்திருக்கிறது என்று அடுக்கினாயே. அதோடு விட்டாயா? இன்னும் பதினைந்து இருபது வருஷத்தில் ஆள் போய்விடும் என்று உன் வாத்தியார் படித்த காலத்திலும் சொன்னார்களாம், நீ படித்த காலத்திலும் சொன்னார்களாம், இப்போதும் அதே பதினைந்து இருபதைத்தான் சொல்கிறார்கள் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். எந்திரங்கள் போயிருக்கின்றன, நம் நாட்டுக் கலமே அதைச் சுற்றிப் படம் எடுத்தது, அன்றைக்கு நீ காலேஜில் இனிப்பு கொடுத்தாய். எல்லாம் சரி. ஆனால் அங்கே போன ஒன்றும் இதுவரை திரும்பி வரவில்லை. ஒரு பிடி மண்கூட இன்னும் பூமிக்கு வந்து சேரவில்லை. இதையும் நீதான் சொன்னாய். இத்தனையும் தெரிந்த ஒருத்தி, கேமராவைப் பார்த்ததும் பரவாயில்லை என்கிறாள். உன்னைப் படிக்க வைத்த காசை நான் குறை சொல்லவில்லை, ஆனாலும் தலையில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பயணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்பாய். கொஞ்சம் தெரியும். உன் அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால், வடக்கே ஒரு பெரிய நகரத்தில் நம் ஜனங்கள் கட்டிய முருகன் கோயிலுக்கு மடைப்பள்ளி வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று நானும் கிளம்பினேன். நல்ல சம்பளம், தங்க அறை. நான் கொண்டுபோன சாமான் என்ன தெரியுமா? இரண்டு பெரிய கேன் நிறைய நம் ஊர்த் தண்ணீர். வேறு தண்ணீரில் பொங்கினால் பொங்கல் குழையாது என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. அரக்கோணத்தில் ரயில் மாறும்போது ஒரு கேன் கவிழ்ந்து ஒரு குடும்பத்தின் படுக்கையெல்லாம் நனைந்து, அவர்கள் எனக்குத் தெரியாத பாஷையில் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். மிச்சத் தண்ணீர் இரண்டு நாள் சமையலுக்குக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊர்த் தண்ணீரில்தான் சமைத்தேன், பொங்கல் நன்றாகவே குழைந்தது, நான்தான் குழையவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஓடி வந்துவிட்டேன். உங்கள் மூடிய வீட்டில் ஆறு பேர் விடுகிற மூச்சையும் வேர்வையையும் மற்றதையும் சேர்த்துப் பிடித்து வடிகட்டித் திரும்பவும் குடிநீராக்குவோம் என்று நீ சொன்னபோது எனக்கு இந்த நினைவுதான் வந்தது. மடி ஆசாரம் பார்த்து வளர்ந்த குடும்பத்தில் பிறந்து, நேற்றைய மூத்திரத்தில் இன்றைய காபி என்று என்னிடமே வந்து பெருமையாகச் சொல்ல உன்னால்தான் முடியும். ஆனால் ஒன்று. நான் ஓடி வந்தபோது ஏறுவதற்கு ரயில் இருந்தது. உன் தாத்தா மணவூர் ஸ்டேஷன் வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி உப்பு விஷயத்துக்கு வருகிறேன். இதை நீ உன் ஆய்வுக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டாய், ஆகவே ஊரும் தெரிந்துகொள்ளட்டும். மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிறவர்களுக்கு நாக்கு செத்துப்போகும், சாப்பாடே வெறுத்துப் பாதித் தட்டோடு எழுந்துவிடுவார்கள், அதனால் சுரீர் என்று ஒன்று வேண்டும், நம் புளிக்காய்ச்சலைக் கெடாமல் பையில் அடைத்துப் பார்க்கலாம் என்று கேட்டாய். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குளித்து ஈர வேட்டியோடு அடுப்பங்கரைக்குள் போய், உன் அம்மாவை வாசலைத் தாண்டி வரக்கூடாது என்று சொல்லி, மலைமேல் செய்கிற மாதிரியே செய்து அனுப்பினேன். அங்கேதான் வினை. மடைப்பள்ளியில் ருசி பார்க்கக் கூடாது. சுவாமிக்குப் போவதில் மனுஷ நாக்கு முன்னால் படக்கூடாது, மோந்தும் பார்க்கக் கூடாது. அதனால் உப்பு ஒருத்தர் பொறுப்பு. கிளறுகிறவன் உப்பைத் தொடுவதில்லை. இரண்டு பேரும் போட்டுவிட்டால் கரிக்கும், அவன் போட்டிருப்பான் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டால் சப்பென்று போகும், நாக்கால் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஏகாம்பரம் போடுவான், போட்டதும் "ஆச்சு" என்பான். அது காதில் விழுந்த பிறகுதான் நான் பாத்திரத்தை இறக்குவேன். நாற்பது வருஷத்தில் என் கை புளிக்காய்ச்சலுக்கு உப்பு போட்டதே இல்லை. வீட்டில் ஏகாம்பரம் ஏது? எண்ணெய் பிரிந்து வந்தது, வாசனை தூக்கியது, நான்பாட்டுக்கு இறக்கி ஆறவைத்து அனுப்பிவிட்டேன். உன் மேலதிகாரி ஒரு வாய் வைத்துவிட்டு, எலும்புக்கு நல்லது என்று உன் அப்பா வேண்டுமென்றே உப்பைத் தவிர்த்திருக்கிறாரா என்று மரியாதையாகக் கேட்டாராம். உன் அம்மா அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை. "என்னை உள்ள வராதன்னுட்டு, உப்பு மட்டும் தானா வந்து வுழுமா?" என்றாள். ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் தூரத்தில் இருக்கும்போது நாம் பேசுவது போய்ச் சேரவே இருபது நிமிஷம், பதில் வர இன்னொரு இருபது என்று, அந்த வீட்டிலும் பேச்சை அப்படியே பிடித்து வைத்துத்தான் அனுப்புவார்களாம். எனக்குப் பழக்கம் வேண்டும் என்று என் போனில் எதையோ ஏற்றினாய். நான் பேசி அனுப்பினால் இருபது நிமிஷம் அதற்குள்ளேயே கிடந்துவிட்டு அப்புறம்தான் உன்னிடம் வரும். உன் பேச்சும் அப்படித்தான். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். "சாப்பிட்டேன், நீ?" என்று உன் பதில் வந்தபோது நான் சாப்பிட்டுக் கை கழுவிக் கண் அசந்திருந்தேன். எழுந்து உட்கார்ந்ததும் அந்த வீடியோ ஞாபகம் வந்தது. மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். பெற்றவர்களைப் பரவாயில்லை என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது என்று கேட்டேன். நீ குறுக்கே வராமல் நான் பேசி முடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, அது எனக்கே பிடிக்கவில்லை. அடுத்த பத்து நிமிஷத்தில் கோபம் வடிந்தது. போகட்டும், உடம்பைப் பார்த்துக்கொள் என்று இன்னொன்று அனுப்பினேன். அது உன்னிடம் வருவதற்குள் என் திட்டு வந்து சேர்ந்து, நீ கொதித்து அனுப்பியது என்னிடம் வந்து, நான் மறுபடியும் கொதித்து அனுப்பி, அது வழியில் இருக்கும்போதே என் சமாதானத்துக்கு நீ அழுதபடி சொன்ன "சரி நைனா" வந்து, அதைக் கேட்டு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது என் இரண்டாவது திட்டு உன் காதில் விழுந்து, சனியன், இரண்டு பேரும் இருட்டும் வரை மாறி மாறி அழுதோம். உன் அம்மா முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "ரெண்டு பேரும் வேற வேற சண்டைய போட்டுகினு கீறீங்க" என்றாள்.

நம் வீட்டில் பாசம் என்பதே குறுக்கே பேசுவதுதான். நீ பேசும்போது நான் புகுவேன், நான் பேசும்போது நீ புகுவாய், இரண்டையும் மீறி உன் அம்மா கத்துவாள். அந்தத் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் யார் யாருக்குக் குறுக்கே வருவது? இது உங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் யாருக்காவது தோன்றியதா என்று தெரியவில்லை. கதிர், எலும்பு, எரிபொருள் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருக்கிறார்கள், அப்பனும் பெண்ணும் எப்படிச் சண்டை போடுவார்கள் என்பதற்கு ஆள் இல்லை.

ஆனால் அன்று நீ கொதித்து அனுப்பியதில் ஒன்று சொன்னாய். "நைனா, மலைமேல தெனமும் படைக்கிறியே, திரும்பி வருமான்னு கேட்டுகினா படைக்கிற? ருசிகூடப் பாக்காம குடுக்கறதுதான் நம்ம பெருமைன்னு நீதான சொல்வ? நானும் அப்படித்தான் போறேன்." இதற்குப் பதில் சொல்ல எனக்கு இருபது நிமிஷம் போதவில்லை. பத்து நாள் ஆயிற்று. கிளறும்போதும் அதே யோசனை, பஸ்ஸில் இறங்கும்போதும் அதே யோசனை. முட்டி வலிக்கு முன்பெல்லாம் நான் படியேறித்தான் மலைக்குப் போவேன், இப்போது பஸ். படியில் போயிருந்தால் இன்னும் சீக்கிரம் பதில் கிடைத்திருக்குமோ என்னவோ. போன செவ்வாய்க்கிழமை கூட்டம் நெரித்தது. சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தை உள்ளே கொடுத்துவிட்டு வழக்கம்போல ஓரமாக நின்றேன். திரை போட்டார்கள், மணி அடித்தது, திரை விலகியது. பாத்திரத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

மடைப்பள்ளிக்காரன் பெண்ணே, படைத்தது திரும்பி வராது என்று உனக்கு யார் சொன்னது? தினம் தினம் திரும்பி வருகிறது. கொடுத்த அதே வாசல் வழியாக, கொடுத்த அதே பாத்திரத்தில், ஒரு பருக்கை குறையாமல் என் கைக்கே வருகிறது. அப்புறம்தான் அது பிரசாதம். அப்புறம்தான் அதை இலையில் வைத்துக் கொடுக்கிறோம், வரிசையில் நிற்கிற ஜனங்கள் தின்கிறார்கள், கடைசியில் நானும் ஒரு வாய் போட்டுக்கொள்கிறேன். உப்பு சரியா, வெல்லம் சரியா என்று என் நாக்குக்குத் தெரிவதே அப்போதுதான். நான் முன்னால் ருசி பார்க்காமல் இருப்பது வராவிட்டால் பரவாயில்லை என்பதற்காக இல்லை. வரும் என்று தெரிந்துதான் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இத்தனை வருஷத்தில் உள்ளே போன பாத்திரம் ஒன்றாவது உள்ளேயே இருந்துவிட்டது என்று நான் பார்த்ததில்லை. கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டு வருவதற்குப் பெயர் படையல் இல்லை. எச்சில் கை பட்ட பாத்திரத்தைக்கூட நாங்கள் அப்படி விடமாட்டோம். சின்ன வயசில் அந்தப் பின்வாசலில் என்னோடு நின்று, பாத்திரம் எப்போது வெளியே வரும் என்று நச்சரித்தவள் நீ. உள்ளே போனதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாய், வெளியே வந்ததைத் தின்றவளே அதை மறந்துவிட்டாய்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லுவேன் என்று நினைத்துத்தானே என்னோடு பேசும்போதெல்லாம் முந்திக்கொள்கிறாய்? போ. யாராவது ஒருத்தர் போகத்தான் போகிறார்கள், அது உன் காலத்திலேயே நடந்தால் நல்லதுதான், நம் வீட்டு ஆளாக இருந்தால் ஏகாம்பரம் ஊர் முழுக்க லட்டு கொடுப்பான். ஆனால் போகிற கலத்தை உன்னிடம் காட்டும்போது வருகிற கலம் எங்கே என்று கேள். அந்த ஊர்க் காற்றிலிருந்தே திரும்பி வருகிற கலத்துக்கு வேண்டிய வாயுவைப் பிரித்து எடுக்கலாம், ஒரு சின்னப் பெட்டியை வைத்துக் கொஞ்சம் பிராணவாயு எடுத்தும் பார்த்துவிட்டார்கள் என்று சொன்னாயே. நல்லது. முதலில் எந்திரங்களை அனுப்பி அதை எடுத்து நிரப்பட்டும். நிறைந்தது என்று இங்கே தெரிந்த பிறகு ஆள் கிளம்பட்டும். ஒரு பிடி மண்ணை முதலில் கொண்டுவந்து காட்டட்டும், அப்புறம் என் பெண்ணைக் கேட்கட்டும். இது பயந்தாங்கொள்ளி பேசுகிற பேச்சு என்று நீ சொன்னால் ஆமாம் என்பேன். உன் தாத்தா அன்று மணவூர் ஸ்டேஷனில் நின்றாரே, அவரும் பயந்தாங்கொள்ளிதான். அந்தக் காலம் வரும்போது நான் இருப்பேனோ மாட்டேனோ, அது என் உடம்பு பாடு. நான் இல்லாவிட்டாலும் நீ வரவேண்டும். வாசலில் அப்பன் நிற்கவில்லை என்பதெல்லாம் வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் ஆகாது.

நேற்று நான் அந்த மூடிய வீட்டுக்காரர்களுக்குப் போன் பண்ணிச் சரி என்று சொல்லிவிட்டேன். உன்னோடு பேசப்போகிற வீட்டு ஆள் நான்தான். உனக்குக் குறுக்கே பேச முடியாமல் ஒரு வருஷம் நான் படப்போகிற அவஸ்தையை நினைத்தால் இப்போதே மூச்சு முட்டுகிறது, இருந்தாலும் சொல்லிவிட்டேன். சண்டை வந்தால் இருபது நிமிஷம் பொறுத்துச் சண்டை போடுவோம். அடுத்த தடவை எவளாவது மைக்கை நீட்டி அந்தக் கேள்வியைக் கேட்டால், திரும்பி வர வழி இருந்தால் போவேன் என்று சொல். சிரிக்காமல் சொல்.

இன்னொன்று. முந்தாநாள் மறுபடியும் புளிக்காய்ச்சல் காய்ச்சினேன். இந்த முறை உன் அம்மாவை உள்ளே விட்டேன். அவள் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு "ஆச்சு" என்றாள், தெருவுக்கே கேட்டிருக்கும், அப்புறம்தான் இறக்கினேன். நான் ருசி பார்க்கவில்லை, அவளையும் பார்க்க விடவில்லை. நீ விட்டுப் போன பைகளில் உன் ஆய்வுக்கூடத்து ஆள் வந்து அடைத்துக் கொடுத்தார், வருஷம் தாண்டியும் கெடாது என்றார். ஒரே சட்டியில் இறக்கியது, இரண்டு பை. ஒன்றை நீ உள்ளே எடுத்துக்கொண்டு போ. அந்தப் பொட்டலில் உட்கார்ந்து எப்போது வேண்டுமானாலும் பிரித்துத் தின்னு, ஆனால் உப்பு எப்படி இருந்தது என்று என்னிடம் சொல்லக் கூடாது. இன்னொன்று இங்கே சுவாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு நீ வந்து உன் கையால் அதைப் பிரித்து, சோற்றில் பிசைந்து எனக்கு ஒரு வாய் போட வேண்டும். அதுவரைக்கும் அதில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால், வந்து தொலை.